அக்டோபர் 2 அன்று தொண்டுக்குப் புறப்படும் ஓர் அலுவலகத்துக்கு

கேள்வி: கோயம்புத்தூரில் சுமார் அறுபது பேர் பணிபுரியும் ஒரு தனியார் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவைக் கவனித்து வருகிறேன். வரும் காந்தி ஜெயந்தி அன்று ஊழியர்கள் அனைவரும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குச் சென்று உணவும் பரிசுப் பொருட்களும் வழங்க வேண்டும் என்று நிர்வாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். நிறுவனத்தின் பெயர் பொறித்த டி-சர்ட், பேனர், குழுப் புகைப்படம் எல்லாம் திட்டத்தில் உண்டு. விடுமுறை நாளையும் பறித்துக்கொள்கிறார்களே என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். இல்லத்தை நடத்தும் அம்மையாரிடம் பேசியபோது, அன்றைக்கு ஏற்கெனவே மூன்று குழுக்கள் வருவதாகவும், நாங்கள் வருவதென்றால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வரலாம் என்றும் தயக்கத்துடன் சொன்னார். ஊழியர்களைக் கட்டாயப்படுத்தலாமா? ஒரே நாளில் உருப்படியாக என்னதான் செய்ய முடியும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

அந்த அம்மையாரின் தயக்கத்தை நீங்கள் கவனித்து எழுதியிருப்பது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. இல்லம் நடத்துகிறவர்களுக்கு, உதவ முன்வருகிறவரிடம் 'வேண்டாம்' என்று சொல்வது எளிதல்ல. இன்று மறுத்துவிட்டால், நாளை மருந்துச் செலவுக்கோ பள்ளிச் சீருடைக்கோ அவர்களிடமே போய் நிற்கும்போது கதவு திறக்குமா என்ற அச்சம் அவர்களுக்கு எப்போதும் உண்டு. ஆகவே, 'மூன்று மணிக்கு மேல் வரலாம்' என்று அவர் சொன்னதை இசைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுக்க இயலாத நிலையில் இருப்பவர் சொன்ன மறுப்பாகவே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சமூகப் பணியாளர் என்ற முறையில் இத்தகைய இல்லங்களுக்கு அடிக்கடி சென்றுவருகிறேன். தேசிய விடுமுறை நாட்களில் அங்கே நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியானது. காலை ஒன்பது மணிக்கு முதல் குழு வருவதற்குள் பிள்ளைகள் குளித்து, தலைவாரி, இருப்பதில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு கூடத்தில் உயரவாரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டு, பேச்சு, கேக், கைதட்டல், புகைப்படம் என்று ஒன்றரை மணி நேரம் போகும். அடுத்த குழு மதிய உணவுப் பொட்டலங்களுடன் வந்து இறங்கும்போது அதே பிள்ளைகள் அதே பாட்டை மறுபடியும் பாடுவார்கள். தடுமாறாமல் நன்றியுரை சொல்லக்கூடிய சிறுமி ஒருத்தி ஒவ்வோர் இல்லத்திலும் இருப்பாள். மூன்றாம் முறை ஒலிவாங்கியைக் கையில் வாங்கும்போது, இப்போது எந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் அவள் காப்பாளரின் முகத்தைப் பார்ப்பாள். சமையல் செய்யும் அம்மாவுக்கு அன்று வேலை குறையும் என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அவரோ வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டு, மிஞ்சிய சோற்றைக் கொட்டி, இரவு பத்து மணி வரை பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். மறுநாள் காலையில் இல்லத்தில் கேக் இருக்கும், துணி துவைக்கச் சோப்பு இருக்காது.

அக்டோபர் 2 குறித்து இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு விடுமுறை பெரும்பாலும் இந்த நாளை ஒட்டியே வருகிறது. தாயோ பாட்டியோ மாமாவோ இருக்கும் பிள்ளைகள் அந்த விடுமுறையில் ஊருக்குப் போய்விடுகிறார்கள்; அழைத்துப் போக ஆள் இல்லாதவர்களே இல்லத்தில் தங்குகிறார்கள். தோழிகள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில், தனக்கு வீடு இல்லை என்பதை ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையின் முன்னால், முன்பின் தெரியாத அறுபது பேர் டி-சர்ட்டும் பேனருமாக வந்து நின்று அவளைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டுப் போவது நல்லதன்று என்பது என் உறுதியான கருத்து.

புகைப்படத்தைப் பற்றி உங்கள் நிர்வாக இயக்குநரிடம் ஒளிவுமறைவின்றிப் பேசிவிடுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய பெயர், பள்ளி, படம் முதலியவற்றை எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனத்தின் முகநூல் பக்கத்துக்கும் ஊழியர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் விலக்கு உண்டு என்று எண்ண வேண்டாம். முகத்தைப் பாதி மறைத்துவிட்டு இல்லத்தின் பெயர்ப் பலகையை முழுதாகக் காட்டும் படங்களையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருவில் வசிக்கும் எவருக்கும் அந்தப் பிள்ளை யார் என்று தெரிந்துவிடும்.

இனி, கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம், 1958, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையாக ஊழியருக்கு உறுதி செய்கிறது. அந்த நாளில் வேலைக்கு வரச் சொல்ல வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். வந்தவருக்கு இரட்டிப்பு ஊதியமோ, ஊதியத்துடன் மாற்று விடுமுறையோ தர வேண்டும். அழைப்பை அனுப்பி, வருகையைப் பதிவு செய்து, வராதவரிடம் காரணம் கேட்டால், அதற்கு எந்தப் பெயரைச் சூட்டினாலும் அது நிறுவனம் வாங்கிய வேலையாகவே ஊழியருக்குத் தோன்றும். அப்படித் தோன்றுவதில் நியாயமும் உண்டு. அந்த நாளில் வயதான தாயைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டியவர் இருப்பார். வாரம் முழுதும் காத்திருந்து துணி துவைக்கவும் குழந்தைக்குக் காதுகுத்து நடத்தவும் அந்த ஒரு நாளை வைத்திருப்பவர் இருப்பார். விருப்பமுள்ளவர்கள் மட்டும் பெயர் கொடுக்கட்டும். பெயர் கொடுக்காதவர்களின் பட்டியல் யாரிடமும் போகக் கூடாது. பதவி உயர்வுப் பேச்சில் இது ஒருபோதும் வரக் கூடாது. வருகிறவர்களுக்கு மாற்று விடுமுறை ஒரு நாள் தருமாறு நிர்வாகத்திடம் கேளுங்கள். அறுபதில் பதினைந்து பேர்தான் வருவார்கள் என்றால், பதினைந்து பேருக்கான வேலையைத் திட்டமிடுவதே முறை.

யாருடைய பிறந்த நாளை முன்னிட்டு இதைச் செய்கிறீர்களோ அவருடைய வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. 1901 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தென்னாப்பிரிக்காவில் வழக்குரைஞராகப் பெயர்பெற்ற பிறகு வந்த காந்தி, அங்கிருந்த கழிப்பிடங்களின் நிலையைக் கண்டு துடைப்பம் எடுத்துச் சுத்தம் செய்தார் என்பது பலருக்கும் தெரியும். அதே மாநாட்டில் அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காங்கிரஸ் அலுவலகத்துக்குச் சென்று, எனக்கு ஏதேனும் வேலை கொடுங்கள் என்று கேட்டார். செயலாளர்களில் ஒருவரான கோஷால், தன்னிடம் எழுத்தர் வேலைதான் இருக்கிறது, செய்வீர்களா என்று கேட்டு, பதில் எழுதப்படாமல் குவிந்து கிடந்த கடிதங்களைக் காட்டினார். காந்தி அதை மகிழ்ச்சியோடு ஏற்று முடித்துக் கொடுத்தார். அவர் யார் என்று பின்னர் அறிந்தபோது, அவ்வளவு சிறிய வேலையைக் கொடுத்துவிட்டோமே என்று கோஷாலுக்குத்தான் சங்கடமாக இருந்தது. என்ன வேலை தேவை என்று கேட்டது, சொன்ன வேலையைச் செய்தது, அது தன் தகுதிக்கு ஏற்றதா என்று பார்க்காதது ஆகிய மூன்றும் உங்கள் குழுவுக்கு அப்படியே பொருந்தும். அந்த அம்மையாரிடம் இதே கேள்வியைக் கேட்டால், பிள்ளைகளின் ஆதார் திருத்தம், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம் என்று மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் காகிதங்களை அவர் எடுத்துக் காட்டினாலும் வியப்பதற்கில்லை. கணினி தெரிந்த உங்கள் அலுவலகத்தார் இருவர் இரண்டு சனிக்கிழமைகளில் அதை முடித்துவிட முடியும். அதற்குப் பேனர் தேவைப்படாது.

அப்படியானால் அக்டோபர் 2 அன்று என்ன செய்வது? அந்த நாளில் செய்தால்தான் சரியாக அமையும் என்ற வேலை எது என்று தேடுங்கள். எந்த நாளிலும் செய்யக்கூடியதை வேறு நாளுக்கு மாற்றிவிடுங்கள். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது அரசுப் பள்ளி. ஆகஸ்ட் 15இலும் ஜனவரி 26இலும் பள்ளியில் கொடியேற்றமும் விழாவும் இருக்கும். காலாண்டு விடுமுறையோடு சேர்ந்து வரும் அக்டோபர் 2இல் வகுப்பறைகள் காலியாக இருக்கும், அடுத்த சில நாட்களும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சுவருக்கு வண்ணம் அடித்தால் காய்வதற்கும் வாடை போவதற்கும் நேரம் கிடைக்கும். ஆட்டம் காணும் பெஞ்சுகளைச் சரிசெய்யலாம், கரும்பலகைக்கு மறுபூச்சு கொடுக்கலாம், மூட்டையாகக் கட்டி அலமாரியின் மேல் போட்டிருக்கும் நூலகப் புத்தகங்களைப் பிரித்து அடுக்கிப் பதிவேடு எழுதலாம். தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் மூன்று வாரங்களுக்கு முன்பே பேசி அனுமதி வாங்குங்கள். பெரிய அளவில் பொருளுதவியும் செய்ய நினைத்தால், 2022இல் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகச் செய்யலாம்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய கட்டடங்களின் வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்; இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று கட்டுப்படுத்திய விதிகள் 2016இல்தான் வந்தன. பழைய பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் அந்தத் தூசி வகுப்பறைத் தரையில் படிந்து, அங்கே உட்கார்ந்து உண்ணும் சிறு பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் போகும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகே சுரண்டுங்கள், முகக்கவசம் அணியுங்கள், சுரண்டியதைப் பொறுக்கிப் பையில் கட்டி, தரையை ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். அனுபவமுள்ள பெயின்டர் ஒருவரைக் கூலி கொடுத்து உடன் வைத்துக்கொள்வது நல்லது. சேவை நாள் என்பதற்காக அவரையும் இலவசமாக உழைக்கச் சொல்ல வேண்டாம்.

வெளியிடத்தில் வேலை செய்யவே உங்கள் குழுவினர் விரும்புகிறார்கள் என்றால் பனை விதை நடலாம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபரின் இரண்டாம் பாதியில் தொடங்குகிறது. அதற்கு முன் மண்ணுக்குள் போன விதை மழையை அப்படியே வாங்கிக்கொள்ளும். குடியரசு தினத்தன்று நடும் மரக்கன்றுகளோ நேராகக் கோடைக்குள் போகின்றன. ஐந்து மாதம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் அவற்றின் கதி என்னவென்று நமக்குத் தெரியும். ஏரிக்கரையில் நடுவதற்கு ஊராட்சியிடமோ நீர்வளத் துறையிடமோ அனுமதி வாங்க மறக்காதீர்கள்.

உங்கள் ஊழியர்களில் கிராமத்தில் வாக்குரிமை உள்ளவர்கள் சிலராவது இருப்பார்கள். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் அக்டோபர் 2 ஒன்று. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அந்தச் சபையின் உறுப்பினர். ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்படுகிறது, குடிநீர், தெருவிளக்கு, ஊரக வேலைத் திட்டம் குறித்துக் கேள்வி கேட்கலாம், தீர்மானம் கோரலாம். படித்த பிள்ளைகள் நகரத்தில் அன்னதானம் செய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் சொந்த ஊரின் கிராம சபை ஆளில்லாமல் கையெழுத்துகளோடு முடிந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் காட்சி. சொந்த ஊருக்குப் போய்க் கிராம சபையில் உட்கார்ந்து வருகிறவரையும் அன்று தொண்டாற்றியவராகவே உங்கள் நிறுவனம் கருத வேண்டும். மாற்று விடுமுறையை அவருக்கும் கொடுங்கள்.

இரத்த தான முகாம் நடத்தலாமா என்று யாரேனும் கட்டாயம் கேட்பார்கள். அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ இரத்த தான நாள் என்பதால் அந்த வாரத்தில் முகாம்கள் நிறைய நடக்கும். இங்கேதான் நாட்காட்டி நம்மைத் தவறான வழியில் இழுக்கிறது. தானமாகப் பெற்ற இரத்தத்திலிருந்து பிரிக்கும் தட்டணுக்களை ஐந்து நாட்கள்தான் வைத்திருக்க முடியும். சிவப்பணுக்களை, சேர்க்கப்படும் திரவத்தைப் பொறுத்து, 35 முதல் 42 நாட்கள் வைத்திருக்கலாம். ஒருமுறை கொடுத்தவர் மறுமுறை கொடுக்க ஆணாக இருந்தால் 90 நாட்களும் பெண்ணாக இருந்தால் 120 நாட்களும் இடைவெளி வேண்டும். உங்கள் அலுவலகத்தில் தகுதியுள்ள அனைவரும் அக்டோபர் 2 அன்று கொடுத்துவிட்டால், தட்டணுக்கள் அக்டோபர் 7 அளவில் பயனற்றுப் போகும், சிவப்பணுக்கள் நவம்பர் நடுப்பகுதி வரைதான் தாங்கும், ஆனால் ஆண்கள் டிசம்பர் 31 வரையிலும் பெண்கள் ஜனவரி 30 வரையிலும் மறுபடி கொடுக்க முடியாது. மழைக்காலத்தில் டெங்கு பரவித் தட்டணுக்களுக்கு மருத்துவமனைகள் அலைவது பெரும்பாலும் அந்த இடைப்பட்ட மாதங்களில்தான். ஆகவே அன்று முகாம் வேண்டாம், பட்டியல் போதும். 18 முதல் 65 வயதுக்குள், குறைந்தது 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ளவர்களின் இரத்தப் பிரிவையும் கடைசியாகக் கொடுத்த தேதியையும் எழுதி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் இரத்த மையத்தில் பேசி, மாதத்துக்கு நான்கைந்து பேர் என்று முறை வைத்து அனுப்புங்கள். கொடுப்பவரின் அலைபேசி எண்ணை அவருடைய சம்மதம் இல்லாமல் எந்தக் குழுவிலும் பகிர வேண்டாம்.

தூய்மைப் பணி பற்றி ஒரு வார்த்தை. 2014இல் இதே நாளில் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கப்பட்டதிலிருந்து தெருவையோ குளக்கரையையோ பெருக்குவது பலரின் வழக்கமாகிவிட்டது. குப்பையை மூட்டையாகக் கட்டிச் சாலையோரம் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். அதை அள்ளுவதற்கு மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் விடுமுறையை விட்டு வர வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுதும் நம் குப்பையை அள்ளுகிறவருக்குக் கிடைக்கும் சில விடுமுறைகளில் ஒன்றை நம் தொண்டு பறிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இதைச் செய்வதென்றால் சாதாரண வேலை நாளைத் தேர்ந்தெடுத்து, சுகாதார ஆய்வாளரிடம் முன்கூட்டியே சொல்லி, வண்டி வரும் நேரத்துக்கு முடித்துக் கொடுங்கள்.

இல்லத்தை முற்றிலும் கைவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். அந்த இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்பதை முதலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, உணவு, பரிசு, டி-சர்ட், பேனர், வாடகைப் பேருந்து எல்லாவற்றுக்கும் ஒதுக்கிய தொகையைக் கூட்டி அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி தவறாமல் வரும் சிறிய தொகையை நம்பி அந்த அம்மையார் சோப்புக்கோ பாலுக்கோ ஒரு மாலைநேர ஆசிரியருக்கோ ஏற்பாடு செய்துகொள்ள முடியும். ஆண்டுக்கு ஒருநாள் வரும் பெரிய தொகையைப் பெரும்பாலும் அன்றைக்கே செலவழித்துவிட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர எவரேனும் விரும்பினால், குறைந்தது ஒரு கல்வியாண்டு முழுதும் வர முடிந்தவரை மட்டும், இல்லத்தின் விதிகளுக்கும் காவல் துறைச் சரிபார்ப்புக்கும் உட்பட்டு அனுப்புங்கள். பழகிய அக்கா திடீரென்று வராமல் போவது இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த வலி. அதை நாமும் ஒருமுறை கொடுத்துவிட்டு வரக் கூடாது.

நிர்வாக இயக்குநரை எதிர்த்துப் பேசுவதாக இதைக் கொண்டுபோக வேண்டாம். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். தன் நிறுவனம் ஊருக்கு உதவ வேண்டும் என்று நினைக்கும் முதலாளிகள் நமக்கு நிறையத் தேவை. பள்ளி வேலைக்குத் தலைமையாசிரியர் தந்த இசைவுக் கடிதம், இல்லத்துக்கான மாதத் தொகையின் கணக்கு, இரத்த மையத்துக்கான பெயர்ப் பட்டியல் மூன்றையும் ஒரே தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். அவருக்குப் புகைப்படம் வேண்டுமென்றால், வண்ணம் அடித்து முடித்த வகுப்பறையின் முன்னால் உங்கள் ஊழியர்கள் நிற்கும் படத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு எவருடைய தடையும் இல்லை. அதற்கு முன்பாக, நாளையே அந்த அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்து, அக்டோபர் 2 அன்று நாங்கள் வரவில்லை, ஆனால் உதவியை நிறுத்தவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்களுக்காக ஒதுக்கி வைத்த நேரத்தை அவர் பிள்ளைகளின் விளையாட்டுக்கு விட்டுவிட முடியும்.

அன்புடன்,
உங்கள் சமூகப் பணி ஆலோசகர்